ஊக்கத்தொகையும் ஈவுத்தொகையும்

ஆய்வு மாணவருக்கு வரும் ஊக்கத்தொகை மாதச் சம்பளம் போன்றதன்று. நான்கு மாதம் நின்று ஐந்தாம் மாதம் மொத்தமாக வருவதும் உண்டு. ஐந்தாண்டு முடிந்ததும் அடியோடு நின்றுவிடுவதும் உண்டு. முதல் இடைவெளிக்கு மருந்து வங்கிச் சேமிப்பு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுசெல்லலாகாது. இரண்டாம் இடைவெளி, அதாவது ஆய்வேட்டை ஒப்படைத்த நாளுக்கும் வேலை கிடைக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம், எத்தனை நீளம் என்று எவரும் அறியார். அதற்காகவே ஏற்ற இறக்கம் குறைந்த, ஈவுத்தொகை தரும் பங்குகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறேன்.

ஏற்ற இறக்கத்தை அஞ்சுவதற்குக் காரணம் எளிய கணக்கு. 20 விழுக்காடு வீழ்ந்த பங்கு மீள 25 விழுக்காடு உயர்ந்தால் போதும்; 50 விழுக்காடு வீழ்ந்தது மீள 100 விழுக்காடு உயர வேண்டும். விற்கும் நாளைத் தெரிவு செய்யும் உரிமை நமக்கு இல்லாதபோது இந்த வேறுபாடு வாழ்வாதாரக் கேள்வியாகிவிடுகிறது.

துணிவு மிகுந்தால் ஆதாயமும் மிகும் என்பது பாடநூல் விதி. ஆயினும் 1972-இல் ஃபிஷர் பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் ஆகியோர் நியூயார்க் பங்குச் சந்தைத் தரவுகளை ஆராய்ந்து, பீட்டா குறைந்த பங்குகள் கோட்பாடு கணித்ததைவிட மிகுதியாகவே ஈட்டின என்று காட்டினர். நம் நாட்டிலும் நிஃப்டி 100 லோ வாலட்டிலிட்டி 30 என்னும் குறியீடு இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததே. ஓராண்டு விலை மாற்றங்களின் திட்டவிலக்கம் குறைந்த முப்பது பங்குகள் அதில் இடம்பெறும். ஏற்ற இறக்கம் எவ்வளவு குறைவோ அவ்வளவு எடை கூடும்.

ஈவுத்தொகையைப் பற்றிய மயக்கமும் தெளிய வேண்டும். அது வானத்திலிருந்து விழுவதன்று. ஈவுத்தொகைக்கான உரிமை பங்கிலிருந்து நீங்கும் நாளில் அதன் விலை ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. மில்லரும் மொடிக்லியானியும் 1961-இலேயே இதன் தருக்கத்தை விளக்கிவிட்டனர். மேலும், 100 ரூபாய்ப் பங்கு 4 ரூபாய் தந்தால் 4 விழுக்காடு. விலை 50 ஆகச் சரிந்தால் அதே 4 ரூபாய் 8 விழுக்காடாகத் தோன்றும். நோயின் அறிகுறியை நலமென்று கொள்வதற்கு ஒப்பானது இது. கோல் இந்தியா 2010-இல் 245 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. 2013-14-இல் பங்கு ஒன்றுக்கு 29 ரூபாய் ஈவுத்தொகை வழங்கியது. ஆயினும் 2020 அக்டோபரில் அதன் விலை வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இருந்தது.

எனவே நான் வகுத்துக்கொண்ட விதிகள் சில. பத்தாண்டு இடையறாது ஈவுத்தொகை தந்த நிறுவனமாக இருத்தல் வேண்டும். ஆதாயத்தில் மூன்றில் இரு பங்குக்கு மேல் பகிர்ந்தளிக்கும் நிறுவனத்தைக் கூடுதலாக ஐயுற வேண்டும். ஒரே பங்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும், ஒரே துறையில் நாலில் ஒரு பங்குக்கு மேலும் பணம் இருத்தலாகாது. இந்த இறுதி விதி இன்றியமையாதது. ஏற்ற இறக்கம் குறைந்தவற்றை மட்டும் தேடினால் நுகர்பொருள், மருந்து நிறுவனங்களே மிகுதியாக வந்து சேரும்; ஈவுத்தொகையை மட்டும் தேடினால் பொதுத்துறை எரிசக்தி நிறுவனங்கள் வந்து குவியும்.

வரியையும் மறக்கலாகாது. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கான வரி பெறுபவரின் தலையில் விழுகிறது; ஊக்கத்தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டெனினும் ஈவுத்தொகைக்கு அது பொருந்தாது.

இறுதியாக ஓர் எண். இளநிலை ஆய்வு ஊக்கத்தொகை மாதம் 37,000 ரூபாய், ஆண்டுக்கு 4,44,000. மூன்று விழுக்காடு ஈவுத்தொகையால் அதை ஈடுசெய்ய 1 கோடியே 48 லட்சம் ரூபாய் முதல் வேண்டும். எந்த ஆய்வு மாணவரிடமும் அது இராது. காலந்தவறாமல் வரும் ஊக்கத்தொகைக்கும் நிலையான ஆசிரியப் பணிக்கும் பங்குச் சந்தை மாற்றாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. என் தொகுப்பு வாங்கித் தரக்கூடியது சில மாத அவகாசமே: கிடைத்த முதல் வேலையை அச்சத்தால் ஏற்காமல், தகுந்த வேலைக்குக் காத்திருக்கும் அவகாசம்.