தாமதமானாலும் நிலைத்த கையெழுத்து

மக்களாட்சி நாடுகள் தங்களுக்குள் எளிதில் போருக்குப் போவதில்லை, கொடுத்த வாக்கையும் சுலபமாக மீறுவதில்லை என்று அறிஞர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க நம் புதுச்சேரியே போதும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர். எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சுடையதுதான். 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரிஸ் நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஆகிவிட்டது. அதற்குள் அங்கே நான்காம் குடியரசே போய், தெகோல் தலைமையில் ஐந்தாம் குடியரசு வந்துவிட்டது. வந்தவர்கள், 'அது பழைய ஆட்சி போட்ட கையெழுத்து' என்று தட்டிக்கழிக்கவில்லை. டெல்லியும் பொறுத்திருந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் காரியம் முடிந்தது.

கோவாவைப் பாருங்கள். போர்ச்சுகலில் சலாசாரின் சர்வாதிகாரம். ஊரை விட்டுக்கொடுப்பது பற்றிப் பேசவே அவர் இசையவில்லை. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது. 1974-இல் அங்கே சர்வாதிகாரம் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், கோவா இந்தியாவுடையது என்று புதிய அரசு ஒப்பந்தம் போட்டது.

அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தோன்றும் காரணம் இது. ஒரே ஆள் போட்ட உத்தரவை மறுநாள் அவரே கிழிக்கலாம். பல மேசை தாண்டி, ஆட்சேபணை எழுதியவரின் கையெழுத்தும் விழுந்த கோப்பை அப்படிக் கிழிக்க முடியாது. ஏறுவதற்கு எத்தனை நாளோ, இறங்கவும் அத்தனை நாளாகும். தவிர, போரென்றால் பிள்ளையை அனுப்ப வேண்டியவர்களே ஓட்டும் போடுகிறார்கள்.

அதற்காகக் குடியரசுகளைக் கோயிலில் வைக்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் குடியரசின் பெருமையைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே குடியரசுதான் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டது. அந்த மக்களுக்குச் சமமான ஓட்டு நெடுங்காலம் கிடையாது. ஓட்டு இல்லாதவனுக்குக் கொடுத்த வாக்கும் இல்லை.

எங்கள் பெரியப்பா சைகோனுக்குப் போய்வந்த சொல்தா. ஒப்பந்தப்படி, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். பெரியப்பாவுக்குக் கடைசி மாதம் வரை பென்ஷன் வந்தது. அப்பா 1964 சட்டமன்றத் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் கதவைத் தட்டவில்லை. எல்லைக்கோடு மாறிய எத்தனையோ ஊர்களில் அண்ணன் தம்பிகளுக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.