அப்பா திறந்துவிட்ட கேஸ்

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அப்பா 1976-லிருந்து முப்பத்தைந்து வருடம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் ஓடுவேன், ஹாலைட் டார்ச்சைப் பார்க்க. சின்ன விளக்கு மாதிரி நீலமாக எரியும். அதன் ரப்பர் குழாயை ஃப்ரிட்ஜின் காப்பர் குழாய் ஓரமாக அப்பா நகர்த்திக்கொண்டே போவார். கேஸ் கசிகிற இடம் வந்ததும் சுடர் பச்சையாகிவிடும். "மாட்டிக்கிச்சு பாரு!" என்பார்.

ஓட்டையைப் பற்றவைப்பதற்கு முன்னால் மிச்சமிருக்கும் கேஸை வெளியே திறந்துவிடுவார்கள். 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நிறம் கிடையாது, தீப்பிடிக்காது. சிலிண்டரில் 'ஆர்-12' என்று எழுதியிருக்கும். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

இப்போது நான் திருச்சியில் இயற்பியல் டீச்சர். போன வருடம் பள்ளி அறிவியல் மன்றத்தில் பேசுவதற்கு வீரபத்ரன் ராமநாதனைத் தேர்ந்தெடுத்தேன். 1944-ல் சென்னையில் பிறந்தவர். தமிழ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த பையன், பதினோரு வயதில் பெங்களூருக்குப் போய் இங்கிலீஷ் மீடியத்தில் உட்கார்ந்தான். டீச்சர் சொல்வது புரியவில்லை, மார்க் சரிந்தது. வேறு வழியில்லாமல் எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கப் பழகினானாம். என் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

1965-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? குளிர வைக்கிற கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது! படித்ததும் எனக்குப் பச்சைச் சுடர் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., பிறகு அமெரிக்கா என்று போய்விட்டார். 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர், இந்த வகை கேஸ் ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதன் வேறொன்றை யோசித்தார். பூமி வெளியே அனுப்பும் வெப்பத்தைக் கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் பிடித்துவைக்கின்றன. ஆனால் அவை விட்டுவைத்த ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக வெப்பம் தப்பிக்கும். ஃப்ரிட்ஜ் கேஸ் சரியாக அந்த ஜன்னலை மறித்துக்கொண்டு நிற்கிறது. இதன் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்ஸைடின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமம்! 1975-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது. அதுவரை எல்லோரும் கார்பன் டை ஆக்ஸைடைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 2000-க்குள் பூமி சூடாவது கண்கூடாகத் தெரிந்துவிடும் என்று 1980-ல் மேடன் என்பவரோடு சேர்ந்து எழுதினார், அப்படியே நடந்தது. பிற்காலத்தில் விறகடுப்புப் புகையையும் விட்டுவைக்கவில்லை. அது தனிக் கதை.

பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழைய வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த கேஸ் சுமார் நூறு கிராம். அதைத் திறந்துவிட்டால் ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். அப்பா கையில் எத்தனை ஃப்ரிட்ஜ்! அந்தக் கட்டுரை அச்சாகி அடுத்த வருடம்தான் அவர் கடையே திறந்தார்.

சொல்வதா, வேண்டாமா? யாரிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்காத மனுஷர். வயது எழுபத்தொன்பது. இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா பிடிச்சு வெச்சிருப்போமே. எங்ககிட்ட யாரும்மா சொன்னா?" என்றார். கோபமா வருத்தமா, தெரியவில்லை. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததையும், அதனால் இந்த கேஸைப் படிப்படியாக நிறுத்தியதையும், அதனாலேயே பூமி சூடாவதும் கொஞ்சம் குறைந்ததையும் சொன்னேன். "ஆமா, அப்புறம் 134ஏ வந்துச்சு. அதையாவது தெறந்து விடலாமா?" என்றார். அதுவும் ஆயிரம் மடங்குக்கு மேல் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையிலேயே கடைக்குக் கிளம்பிவிட்டார். அவரிடம் தொழில் கற்ற அண்ணன்தான் இப்போது அதை நடத்துகிறார். "கேஸைத் திரும்பப் பிடிக்கிற மெஷின் இருக்காமே, ஏன் வாங்கல?"

"நாம வாங்குற கூலிக்குக் கட்டாதுங்கய்யா."

"பக்கத்துல ரெண்டு கடைக்காரங்களயும் சேர்த்துக்க. மூணா பங்கு போடு."

மெஷின் இன்னும் வரவில்லை. அப்பா வாரத்துக்கு இரண்டு தடவை போய்க் கேட்கிறார். போன ஞாயிறு பரணிலிருந்து அந்தப் பழைய ஹாலைட் டார்ச்சைத் தேடி எடுத்து, துடைத்து, "உன் கிளாஸ்ல காட்டு" என்று கொடுத்தார். 134ஏ கசிவையும் காட்டுமா என்று கேட்டேன். "அதுல குளோரின் இல்லையே. சுடர் நீலமாத்தான் இருக்கும், ஒண்ணும் தெரியாது" என்றார்.