நான் போட்ட கையெழுத்து

1981. எங்கள் முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ திரைக்கு வந்த வருஷம். என் மனைவிக்கு அப்போது 30 வயது. மாதவிலக்கு வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ரத்தம் போகும். முகம் வெளுத்து, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். போட்டேன். கட்டியோடு கர்ப்பப்பையும் போயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அலுவலகத்தில் கோப்பைக் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் நான் குறிப்பு எழுதியதில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் படிக்கவில்லை. கட்டியை மட்டும் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இருந்த நிலைமைக்கு முடியாது என்றே சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் அதுவாவது தெரிந்திருக்கும். அவளும் இதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் விக்டர் போனி என்ற லண்டன் டாக்டரைப் பற்றிப் படித்தேன். மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரிக்காரர். அவர் மனைவிக்கும் இதே கதை. கர்ப்பப்பையை எடுத்தார்கள், பிள்ளை இல்லை. அந்த மனுஷன் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்துக் காப்பாற்றும் அறுவைக்காகவே பாடுபட்டார். ரத்தம் கொட்டாமல் பிடிக்க அவர் செய்த இடுக்கிக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் இறந்தது 1953-ல். நான் கையெழுத்துப் போடுவதற்கு 28 வருஷம் முன்பு.

சில வருஷத்துக்கு முன் என் தங்கை மகளுக்கும் அதே கட்டி. கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை உண்டாகவில்லை. “மாமா, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை என்பதால் நான் பிரெஞ்சில் படித்தவன். அந்தப் படிப்பு எனக்கு உதவிய சில தடவைகளில் இது ஒன்று. ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருங்க வைக்கும் சிகிச்சையை 1995-ல் உலகத்துக்குச் சொன்னவர் பாரிஸ் டாக்டர் ரவினா. அறுவையில் ரத்தம் அதிகம் போகாதிருக்க முன்கூட்டியே குழாயை அடைத்தார்கள். பலருக்கு அறுவையே தேவைப்படவில்லை. அதன் பிறகும் சிலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் கருச்சிதைவு பயம் கூடுதல் என்பதால், பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் கட்டியை வெட்டி எடுக்கவே சொல்கிறார்கள்.

அவளும் அதையே செய்தாள். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷம் உண்டானாள்.

வம்பு அப்புறம்தான். சிசேரியன் என்றதும் என் தங்கை வீட்டில் ஒரே ரகளை. “எனக்க நாலு பிள்ளையளும் வீட்டுலதான் பொறந்தது. இவளுக்கு மட்டும் ஏன் கத்தி? துட்டு பிடுங்கத்தான்!” ஊரில் பாதிப் பேர் அவள் பக்கம்.

நான் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து அவள் முன் உட்கார்ந்தேன். கட்டி சுவருக்குள் ஆழமாக இருந்தது, உள்ளறைவரை திறந்து தைத்திருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. அப்படித் தைத்த இடம் பிரசவ வலியில் பிரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் வலி வரும் முன்பே எடுக்கிறார்கள். கட்டி வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்திருந்தால் சுகப்பிரசவத்துக்கு விட்டிருப்பார்கள். எல்லாம் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை அரிசிப் பானை மேல் போட்டு வைத்திருந்தார்கள்! பட்டாவை அப்படிப் போடுவோமா? நடுராத்திரி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், அங்குள்ள டாக்டருக்கு அது ஒன்றுதான் வழி காட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் பையிலேயே வைக்கச் சொன்னேன்.

அறுவை நாளன்று சம்மதக் காகிதம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த என் மனைவி, தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“முழுசா வாசிச்சுச் சொல்லுங்க. பிறகு அவன் போடட்டும்.”

வாசித்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு.