நிழல் இருக்கா ஸார்?

செங்கல்பட்டில் குடியிருப்பவனுக்கு உத்தியோகம் இல்லாவிட்டாலும் ஒரு பதவி நிச்சயம் உண்டு. பிக்னிக் ஆலோசகர்! சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது. டிசம்பர் பிறந்தால் போதும், சென்னையிலிருந்து போன் வந்துவிடும்.

"மச்சி, எங்க ஆபீஸ்ல முப்பது பேர். நல்ல ஸ்பாட்டா ஒண்ணு சொல்லு. கடல் இருக்கணும், கூட்டம் இருக்கக் கூடாது, பிரியாணி பக்கத்துலயே கிடைக்கணும், செலவு கையைக் கடிக்கக் கூடாது."

மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கணும், ஆனால் மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவிலும் இருக்கணும் என்கிற மாதிரி! இருந்தாலும் நான் சளைப்பதில்லை. பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சியது வரவு - செலவு கணக்கு ஒன்றுதான். எந்த இடத்தைச் சொன்னாலும் மனசுக்குள் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று என்று எழுதிவிடுவேன். 'இயற்கை அழகு' என்பது வரவில் ஒரே ஒரு வரிதான். நிழல், குடிதண்ணீர், கழிப்பறை இந்த மூன்றும் அதற்கு மேலே வரும். குறிப்பாகக் கடைசி அயிட்டம். பெண் ஊழியர்கள் பத்துப் பேர் வருகிற பிக்னிக்குக்கு இடத்தை ஆண்கள் மட்டும் கூடி முடிவு செய்தால் என்ன ஆகும் தெரியுமா? அவர்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், 'எங்களுக்குத் தாகமே இல்லை ஸார்' என்று பொய் சொல்லிக் கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். போன் செய்கிற நாலு பேரில் ஒருவராவது, "கடல்ல சூரியன் முழுகறதைப் பார்க்கணும் ஸார், மானேஜர் ஆசைப்படறார்" என்பார். ஐயா, நம்முடையது கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலிலிருந்து கிளம்பித்தான் வருவார். போய்ச் சேருவது செங்கல்பட்டுப் பக்கம்! அஸ்தமனம் தண்ணீரில்தான் வேண்டும் என்றால் முட்டுக்காடு போங்கள். கழிமுகம் மேற்கே விரிந்து கிடப்பதால் சாயங்கால வெயில் தண்ணீரில் தங்கமாகக் கொட்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையும் அங்கேயே இருக்கிறது. மாமல்லபுரத்தில் மானேஜரைத் திருப்திப்படுத்த வேண்டுமானால், அவர் முகத்தை மேற்கே திருப்பி கலங்கரை விளக்கக் குன்றில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மாமல்லபுரத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். கடற்கரைக் கோயில் அந்த வெளிச்சத்துக்காகவே கட்டியது மாதிரி இருக்கும். பதினோரு மணிக்கு மேல் அதே கல், தோசைக்கல். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததே தவிர, கூரை எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. ஆபீஸ் ஆசாமிகள் தவறாமல் பார்க்க வேண்டியது அர்ச்சுனன் தபசுப் பாறையில் இருக்கிற பூனை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. இன்க்ரிமெண்ட் மாதத்தை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பல்லவச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான்!

மத்தியானத்துக்கு நான் சொல்லும் இடம் சாளுவன்குப்பம். வடக்கே ஐந்து கிலோமீட்டர்தான். புலிக்குகை, மரம், புல்தரை என்று நாலு பேர் காலை நீட்டி உட்கார வசதி. (சவுக்குத் தோப்பை நம்பாதீர்கள். நிழல் சல்லடை, கீழே உதிர்ந்திருப்பது ஊசி.) பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. அத்தனை வீடுகளை வாரிக் கொண்டுபோன அதே அலை, மண்ணை விலக்கி ஒரு பாறைக் கல்வெட்டைக் காட்டிக் கொடுக்க, அந்தத் துப்பை வைத்துத் தோண்டினார்கள். அங்கே நின்றால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

சரித்திரப் பிரியர்கள் கல்பாக்கம் பக்கம் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்க்கலாம். கல்லறைப் பலகைகளில் செதுக்கியிருக்கும் நகாசு வேலைக்காகவே போகலாம். இன்னும் தெற்கே, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1760-ல் வெள்ளைக்காரர்கள் இடித்துப் போட்டது. அழகு அப்படியே இருக்கிறது, நிழல் மட்டும் இல்லை. தண்ணீர் கேனையும் சாப்பாட்டையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போகிற கோஷ்டிக்குத்தான் அது. நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் உண்டு. 1798-லேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஏரி. ஆனால் மைக் செட், அந்தாக்ஷரி கோஷ்டிகள் தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். பறவைகளுக்கும் சகிப்புத்தன்மைக்கு ஓர் அளவு இருக்கிறது.

இதுவரை சொன்னது வரவு. இனி பற்று.

ஒரு காணும் பொங்கல் கழிந்த ஞாயிறு, இந்தக் கரையில் ஓரிடத்தில் பார்த்தேன். சாலையில் ஒரு வேன் நின்றது. எல்லோரும் ஏறியாயிற்று, டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. மணலில் ஒரு ஜோடி ஷூ. அதற்குள் ஒரு மூக்குக் கண்ணாடி, பத்திரமாக. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து அதற்குக் காவல் இருந்தான். இருட்டின பிறகும் எழுந்திருக்கவில்லை.

அங்கே வலை காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, அலை அடிக்கிற இடத்தைப் பார்த்துப் பயப்படறாங்க. அலையே இல்லாம சும்மா கிடக்கே, அந்த இடத்துல போய் இறங்கறாங்க. அங்கதான் இழுப்பு."

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது கரையோரம் ஒரு குறுகலான சந்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதிரி உள்ளே ஓடும். அந்தச் சந்தில் அலை உடையாது. பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். நீச்சல் தெரிந்தவனே அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தி, களைத்துத்தான் போகிறான். மாட்டிக்கொண்டால் எதிர்க்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தச் சந்தைவிட்டு வெளியே வரவேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் கத்த வேண்டும். கரையில் நிற்பவர்கள் வீரம் காட்டிக் குதிக்காமல், காலியான வாட்டர் கேனை மூடிபோட்டு வீச வேண்டும். பிக்னிக்கில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

குளித்தே தீருவேன் என்பவர்கள் கோவளம் போங்கள். 2021-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாக நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை. குளிக்கிற எல்லை எது என்று காட்டியிருப்பார்கள். உடை மாற்ற இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. அங்கேயும் இரண்டு சட்டம்: பாட்டில் திறந்தவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. காவலர் விசில் அடித்தால் அடுத்த வார்த்தை பேசாமல் ஏறிவிட வேண்டும்.

ஆகவே, இந்த டிசம்பரில் போன் செய்யப்போகிற நண்பர்களே! இடத்தை நான் சொல்கிறேன், பிரியாணியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு அம்பது ரூபாய் கூடினால் கேஷியர் எப்படியாவது 'இதர செலவு' என்று எழுதிச் சமாளித்துவிடுவார். புறப்படும்போது வேன் வாசலில் நின்று ஒரு தரம் எண்ணுங்கள். திரும்பும்போது இன்னொரு தரம். முப்பதுக்கு முப்பது. அந்த ஒரு கணக்கு மட்டும் டேலி ஆகியே தீர வேண்டும் ஸார்!