மலையேறி வந்த படங்கள்

திரைப்படம் என்பது நகரத்தவருக்கு ஓய்வுப் பொழுதின் துணை. விரும்பிய மாலையில் விரும்பிய படமாளிகைக்குச் செல்லவும், பிடிக்காவிடின் இடைவேளையோடு எழுந்து வரவும் அவர்களால் முடியும். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு அது அவ்வாறு அமைந்ததில்லை. புதிய படமொன்றைப் பார்ப்பது அவனுக்குச் சேமித்து, காத்திருந்து, நடந்து சென்று அடையவேண்டிய காரியமாகவே நெடுங்காலம் இருந்தது. ஆகவே, மாதந்தோறும் ஊவாவுக்கு வந்து சேர்ந்த புதிய படங்களின் கதையைச் சொல்லப் புகின், அது அம்மக்களின் கூலி, பாதை, மொழி, குடியுரிமை ஆகியவற்றின் கதையாகவும் விரிந்துவிடுகின்றது.

சிங்களத்தில் ‘எல்ல’ என்றால் நீர்வீழ்ச்சி. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் எல்ல. கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளும் புகையிரதப் பாதை இவ்வூரைத் தொட்டு, ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து, தெமோதரை, உடுவரை, ஹாலிஎல வழியாக இறங்கிச் செல்கின்றது. 1924 இல் பதுளையை எட்டிய இப்பாதையின் முதன்மையான நோக்கம் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே. கீழே இறங்கியது தேயிலை. மேலே ஏறியவை அரிசி, மண்ணெண்ணெய், துணிமணி, செய்தித்தாள். படச்சுருள்கள் அடங்கிய தகரப் பெட்டிகளும் இருப்புப் பாதையாலோ வீதியாலோ இம்மலைகளையே ஏறிவந்தன. எல்லவைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து படம் பார்க்கப் புறப்பட்டவர்கள் பண்டாரவளையை அல்லது பதுளையை நாடினர்.

பெட்டி வருமுன்னரே படத்தின் பெயர் வந்துவிடும். 1950 இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தென்னிந்தியத் திரைப்பாடல்களைத் தோட்டத்து லயன்களுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. எல்லா வீட்டிலும் வானொலிப் பெட்டி இருக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்தால் அந்த லயன் முழுவதற்கும் அது போதுமானதாயிற்று. பிற்காலத்தில் கே.எஸ். ராஜா ‘திரைவிருந்து’ நிகழ்ச்சியில் மின்னல் வேகத்தில் அடுக்கிய சொற்கள், வரவிருக்கும் படத்தைப் பற்றிய ஆவலைக் கொழுந்து மலைவரை எடுத்துச் சென்றன. படத்தைப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவே அதன் பாடல்கள் மனப்பாடமாகியிருக்கும். காது முந்த, கண் பின்னே சென்ற காலம் அது.

‘புதிய படம்’ என்ற தொடரும் மலைநாட்டில் சற்று வேறான பொருளைப் பெற்றிருந்தது. படச்சுருள் காலத்தில், முப்பத்தைந்து மில்லிமீற்றர் சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடியாக ஓடும். இரண்டே முக்கால் மணி நேரப் படமொன்று ஏறத்தாழப் பதினையாயிரம் அடி நீளமாகும். அதனைப் பல சுருள்களாகப் பிரித்தே அனுப்புவர். ஒரு பிரதி தயாரிப்பதற்குப் பெருஞ்செலவு பிடிக்குமாதலால், சில பிரதிகளே நாடு முழுவதும் சுற்றின. பெருநகரங்களில் ஓடி முடிந்த பின்னரே அவை சிறு நகரங்களுக்கு வரும். அவ்வாறு வரும்போது திரையில் மழை பெய்வதுபோற் கீறல்கள் விழுந்திருக்கும். அறுந்து ஒட்டப்பட்ட இடங்களிற் பாட்டின் ஓரடி காணாமற் போயிருக்கும். எனினும், பார்க்கப்படாத படம் புதிய படமே. கொழும்பில் அது பழசாகிவிட்டதென்ற செய்தி மலையிலிருந்தவரின் மகிழ்ச்சியைக் குறைத்ததில்லை.

மாதம் ஒரு படம் என்ற கணக்குக்குக் காரணம் தோட்டத்துச் சம்பளமே. நாட்கூலி பேசப்பட்டாலும் அது கைக்கு வருவது மாதத்துக்கு ஒரு முறைதான். அன்றாடம் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டு, ‘பேர்’ விழுந்ததா ‘அரைப்பேர்’ ஆயிற்றா என்று செக்றோலிற் பதியப்பட்டு, மறு மாதத்தின் முற்பகுதியிற் கடன்களும் கழிவுகளும் போக எஞ்சியதே குடும்பத்தின் வருவாய். சம்பளத்துக்குப் பின்வரும் ஞாயிறு படத்துக்குரிய நாளாயிற்று. ஆனால், யார் படத்துக்குப் போவது என்பதில் அனைவரும் சமமாக இருக்கவில்லை. மலையிற் கொழுந்து பறித்தவள் பெண். அவளது சம்பளத்தையும் கணவனோ தந்தையோ சென்று பெறும் வழக்கம் பல தோட்டங்களில் நிலவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி வந்ததே 1984 இல்தான். ஆதலால், தன் உழைப்பாலான பணத்தில் தான் ஒரு படம் பார்ப்பதற்குக்கூடப் பெண் இன்னொருவரின் சம்மதத்தை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அத்தகையவள் நல்ல சேலையொன்றை உடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பிற் சுமந்து, அயல்வீட்டுப் பெண்களோடு பஸ் நிலையத்தை நோக்கி நடந்த அந்த நடையே அவளுக்கு ஒரு விடுதலையாக இருந்திருக்கும். மாதத்தின் ஏனைய நாட்களில் அவள் நடந்ததெல்லாம் மலைக்கும் மடுவத்துக்கும் லயனுக்கும் இடையேதான்.

திரைப்படம் தொழிலாளியை மயக்கத்தில் ஆழ்த்துகின்றது, அவனது போராட்ட உணர்வை மழுங்கடிக்கின்றது என்ற கண்டனம் பல்கலைக்கழக மட்டத்தில் நெடுங்காலமாக எழுந்துவந்துள்ளது. அக்கண்டனத்தில் உண்மையில்லாமலில்லை. நாயகன் ஒருவனே பகைவர் பதின்மரை வீழ்த்தி நீதியை நிலைநாட்டும் கதையைக் கண்டு கைதட்டியவன், மறுநாட்காலையிற் பெரட்டுக்களத்தில் தலை குனிந்தே நின்றான். மாசி மாதக் காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் உரிய மெட்டுகளிடையே திரைமெட்டுகள் புகுந்ததும் மறுக்கவொண்ணாதது. ஆயினும், இக்கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட காலத்தில், எழுத்தறியாத பெரும்பான்மையினருக்கு விரிந்த தமிழுலகம் ஒன்று உண்டு என்பதை உணர்த்தியது திரையே. தோட்டத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம். கடைத்தெருவின் மொழி சிங்களம். நல்ல தமிழ் ஒரு மண்டபம் நிறைய முழங்குவதைக் காசு கொடுத்தேனும் கேட்க முடிந்த இடம் படமாளிகையின் கலரி ஒன்றே. அங்கே கேட்ட வசனங்கள் தோட்டத்து மேடை நாடகங்களிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் எதிரொலித்தன.

இந்தியாவிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், இந்தியாவுக்கு மனிதர் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். சுருட்பெட்டி கடலைக் கடந்து வர, அப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதே கடலைக் கடந்து சென்றனர். இலங்கையிற் பிறந்து வளர்ந்த அவர்களுட் பலர் தமிழகத்தைக் கண்டிருந்தது திரையில் மாத்திரமே. இதே மலைநாட்டின் நாவலப்பிட்டியில் 1917 இற் பிறந்த எம்.ஜி.ஆர். தமிழகத்தில் முடிசூடா மன்னராகி, 1965 இல் இலங்கைக்கு வந்தபோது மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். அவரைத் தம்மவராகக் கருதிய மக்களிற் பலருக்கோ, தாம் எந்நாட்டவர் என்பதற்குச் சான்றாக ஒரு கடதாசி இருக்கவில்லை.

அப்படியாயின், மாதந்தோறும் திரையைப் பார்த்த இம்மக்களைத் திரை எப்போதாவது பார்த்ததா? இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் தொடக்க ஆண்டுகளிலேயே, 1963 இல், பி.எஸ். கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியதோடு பட இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு மாறின. தென்னிந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குச் சிறிது இடம் திறந்தது. 1975 இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதற்கு எழுத்துப் பணி செய்தவர், பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் 1934 இற் பிறந்த தெளிவத்தை ஜோசப். லயன்களின் பேச்சைச் சிறுகதைக்குக் கொண்டுவந்த கை, அதனைத் திரைக்கும் கொண்டுசென்றது. பெருந்தோட்டங்கள் அரசுடைமையான ஆண்டும் அதுவே. அதற்குச் சற்று முன்னர்தான், 1973, 74 இல், பட்டினி தோட்டங்களிற் பலரைப் பலிகொண்டிருந்தது. அச்சூழலில் தன் லயனையும் தன் பேச்சையும் திரையிற் கண்ட தொழிலாளிக்கு, தென்னிந்தியப் படம் எதுவும் தராத ஒன்று கிடைத்தது. தன் வாழ்வும் சொல்லத்தக்கது என்ற எண்ணமே அது. கணேசனின் ‘நான் உங்கள் தோழன்’ 1978 இல் வந்தது. பின்னர் அந்த வரிசை நீளவில்லை.

நீளாமைக்குக் காரணங்கள் உண்டு. சந்தை சிறிது, தென்னிந்தியப் படத்தின் பளபளப்போடு உள்ளூர்ப் படம் போட்டியிட முடியவில்லை. 1979 இல் தொலைக்காட்சி வந்தது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. 1983 யூலையில் நாடெங்கும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது பதுளை நகரும் தப்பவில்லை. ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் தீக்கிரையானது. அதன்பின், இரவில் நகரத்துக்குச் சென்று படம் பார்த்துத் திரும்புவதென்பது அச்சத்துக்குரிய செயலாயிற்று. படமாளிகைக்குப் பதிலாக வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சியும் ‘டெக்’கும் லயனுக்கு வந்தன. பணம் சேர்த்து, ஓரிரவில் மூன்று நான்கு படங்களை விடியும்வரை பார்த்தனர். மாதம் ஒரு படமென்ற ஒழுங்கு அங்கே குலைந்தது.

இன்று சுருளும் இல்லை, பெட்டியும் இல்லை. எண்முறைக்கு மாறிய பின், சென்னையில் வெளியாகும் பெரிய படம் அதே நாளில் இலங்கையிலும் வெளியாகின்றது. கைத்தொலைபேசியில் அதன் காட்சிகள் அதற்கு முன்னரே வந்துவிடுகின்றன. எல்லவிலுள்ள இளைஞனும் கொழும்பிலுள்ள இளைஞனும் ஒரே நாளிற் புதிய படத்தைப் பேசுகின்றனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவு கட்டியது. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற நெடுநாட் கோரிக்கை 2021 இல் நிறைவேறியது. தூரம் குறைந்திருக்கின்றது, காத்திருப்பு ஒழிந்திருக்கின்றது. ஆனால், திரை இம்மக்களைப் பார்த்ததா என்ற வினா மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றது. 2013 இல் பாலாவின் ‘பரதேசி’ வெளிவந்தபோது, அது தமிழகத்துத் தேயிலை மலைகளைப் பற்றியதாயினும், கங்காணியின் ஆசைவார்த்தையையும் முடிவில்லாக் கடனையும் கண்ட மலையகத்தவர் தம் பாட்டன் பூட்டியின் கதையாகவே அதனைக் கொள்ள முடிந்தது. இன்னொரு நாட்டின் மலையைக் காட்டிய படத்தில் தம்மைத் தேடிக்கொள்ள வேண்டியிருப்பது மகிழ்ச்சிக்கும் உரியது, வருத்தத்துக்கும் உரியது.

எல்லவிற் கமராக்களுக்கு இன்று குறைவில்லை. உலகின் பல திசைகளிலிருந்தும் வரும் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் வண்டி வரும் நேரத்தைக் கணக்கிட்டுக் காத்திருந்து படம் பிடிக்கின்றனர். அப்படங்களில் தேயிலை மலை உண்டு. கூடை சுமந்த பெண்ணும் சில வேளை உண்டு. அவள் அங்கே பசுமையின் ஒரு பகுதி. அவளுக்குப் பெயருமில்லை, பேச்சுமில்லை.

பிறர் எடுத்த படத்தைப் பார்த்து மகிழ்வது குற்றமன்று. மாதந்தோறும் மலையேறி வந்த படங்கள் இம்மக்களுக்கு மொழியையும் பெருமிதத்தையும் சிரிப்பையும் தந்தன, அக்கடன் மறக்கத்தக்கதன்று. ஆயினும், நூறாண்டுக்கு மேலாகத் தேயிலையைக் கீழே அனுப்பிய மலை, தன் கதையையும் கீழே அனுப்பவேண்டும். அதற்கு வேண்டிய கருவி இன்று இளைஞர் பலரின் கையிலேயே இருக்கின்றது. கலரியில் அமர்ந்து படம் பார்த்த பாட்டிமார் இன்னும் சிலர் லயன்களில் வாழ்கின்றனர். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, அவர்கள் முன் அமர்ந்து கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். ‘புதிய காற்று’க்குப் பின் வரவேண்டிய படம் அங்கிருந்தே தொடங்கும்.