நெய்யும் வேண்டாம், படியும் வேண்டாம்

சக்கர நாற்காலியில் தேக்காவுக்குப் போய்ச் சேர்வது இன்று பெரிய காரியமில்லை. பெருவிரைவு ரயில் நிலையத்தில் மின்தூக்கி உண்டு. 2020 இறுதியிலிருந்து சிங்கப்பூரின் எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். சிரமம் தொடங்குவது கடை வாசலில்தான்.

கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை, 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் வழி வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் நல்ல ஒதுங்கிடம். ஆனால் ஒரு கடையின் தரை ஒரு சாண் உயரம், அடுத்த கடையின் தரை நான்கு விரல் தாழ்வு. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால், பழைய முகப்புகளை நினைத்தபடி இடித்து மாற்றவும் முடியாது.

என் சின்னம்மா நனிசைவர். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டார். அவரோடு சாப்பிடப் போனால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ரசம் தாளித்தது நெய்யிலா, எண்ணெயிலா? வாசலில் படி உண்டா? முதல் கேள்விக்குச் சரியான பதில் வரும். இரண்டாவதற்கு, “ஒரே படிதான், தூக்கிவிடலாம்” என்பார்கள். சின்னம்மாவுக்குப் பிடிக்காதது அதுதான். “நான் சாப்பிட வந்தவள், மூட்டை இல்லை” என்பார்.

சென்ற மாதம் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய நனிசைவ உணவகத்துக்குப் போனோம். வாசலில் மடக்குச் சாய்தளத்தை விரித்தார்கள். சின்னம்மா தாமே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். மேசைக்கு நான்கு மூலையிலும் கால் இருந்ததால் முழங்கால் தடையின்றி நுழைந்தது. பணியாளர் என்னைப் பார்க்காமல் அவரிடமே, “உங்களுக்கு என்ன வேணும்மா?” என்று கேட்டார். எண்ணெயில் முறுகலாக வார்த்த தோசை, தேங்காய்ச் சட்னி, தோஃபு மசாலா, தேங்காய்ப்பாலில் வெல்லப் பாயசம். சின்னம்மா பாயசம் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கினார்.

குறையும் உண்டு. கை கழுவும் தொட்டி உயரம், குழாய் எட்டவில்லை. கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையால் சாப்பிடுகிற நமக்குத் தொட்டியும் உணவகத்தின் பாதிதான். கழிவறைக்கோ பக்கத்துக் கடைத்தொகுதிக்குப் போக வேண்டியிருந்தது.

போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்: படி, சாய்தளம், மேசை, கை கழுவும் இடம், கழிவறை. கடைக்காரர்களுக்கும் ஒரு கணக்கு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளச் சாய்தளம். நான்கு விரல் படிக்கு மூன்றடிப் பலகை போதும்.

அடுத்த வாரம் சின்னம்மா தம் தோழியோடு அங்கே போகிறார். துணைக்கு நான் வேண்டாமாம்.