ஷூவுக்கு ஒரு கேலரி

என் வீட்டுப் பரணில் பதினோரு ஜோடி ஷூக்கள் இருக்கின்றன. எனக்கு இருப்பதோ இரண்டே கால்கள். இந்தக் கணக்கை என் மனைவி வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவாள்.

"என்ன, கடை வைக்கப் போறீங்களா?"

"இல்ல, ஆர்ட் கேலரி."

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

நீங்களும் சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படி ஓர் ஆசை. சுவரில் ஓவியத்துக்குப் பதில் ஷூ. பக்கத்தில் ஒரு ஹெட்போன் தொங்கும். மாட்டிக்கொண்டால் அந்த ஷூவுக்கு உரிய பாட்டு.

எல்லாம் காலேஜ் ஹாஸ்டலில் ரூம்மேட் கொண்டுவந்த ஒரு காஸெட்டால் வந்த வினை. ரன்-டி.எம்.சி. என்று நியூயார்க் பையன்கள் மூன்று பேர். 1986-ல் தங்கள் அடிடாஸ் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார்கள். லேஸ் கட்டாமல் ஷூ போடுவது அவர்கள் ஸ்டைல். ஜெயிலில் தள்ளும்போது லேஸை உருவிக்கொள்வார்களாம்; அதனால் லேஸ் இல்லாதவன் எல்லாம் ரவுடி என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்குப் பதில்தான் இந்தப் பாட்டு. மாடிஸன் ஸ்கொயர் கார்டன் கச்சேரியில் "ஷூவைத் தூக்கிக் காட்டுங்க" என்றதும் ஆயிரக்கணக்கில் ஷூக்கள் உயர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரி அசந்து போக, ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் ஊர் மேடைக்கு எதிரே ஷூ உயர்ந்தால் அர்த்தமே வேறு!

அப்புறம் டிங்கர் ஹாட்ஃபீல்ட். கட்டடம் வரையத்தான் நைக்கியில் சேர்ந்தார். பிறகு ஷூ வரைய ஆரம்பித்தார். பாரீஸில் 1977-ல் திறந்த பாம்பிடூ சென்டர் என்ற கலைக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். குழாய், எஸ்கலேட்டர் எல்லாவற்றையும் வெளியே மாட்டிக் கட்டிய கட்டடம் அது. நம் ஊர் பழைய லாட்ஜின் பின்பக்கம் மாதிரி, ஆனால் கலர் கலராக. அதைப் பார்த்துத்தான், குதிகாலுக்கு அடியில் ஒளிந்திருந்த காற்றுப் பையை வெளியே தெரியும்படி ஜன்னல் வைத்து, 1987-ல் ஏர் மேக்ஸ் 1-ஐ வரைந்தார். கேலரியிலிருந்து ஒரு ஷூ வரலாம் என்றால், ஷூவிலிருந்து ஒரு கேலரி வரக் கூடாதா?

ராயப்பேட்டையில் ஒரு மாடி காலி என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"செருப்புக் கடையா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல ஸார். பார்க்க மட்டும்தான், விக்கறதுக்கு இல்ல."

"அப்ப வாடகை எப்படித் தருவீங்க?"

நியாயமான கேள்வி.

"வர்றவங்க அவங்க செருப்பை எங்கே விடுவாங்க?"

அது இன்னும் நியாயம். பத்து மாச அட்வான்ஸ் கேட்டார். பதினாலு வருஷம் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்த பரதன் யாருக்கு அட்வான்ஸ் கொடுத்தான் என்று கேட்டிருக்கலாம். மாடிப்படி இறங்கிய பிறகுதான் தோன்றியது.

பி.எஃப்.பில் கை வைத்தால் ஆறு மாதம் நடத்தலாம். ஏழாம் மாதம் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ். சரி, அவள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் போனஸில் வாங்கிய ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மொத்தம் நாலு தடவை போட்டிருப்பேன். அழுக்காகுமே என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தது. கையில் எடுத்ததும் சோல் பழைய மைசூர்பாகு மாதிரி உதிர்ந்தது. சோலில் இருக்கும் பாலியூரிதேன் நுரை காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி இற்றுவிடுமாம். போட்டாலும் சரி, பூட்டி வைத்தாலும் சரி. சென்னை ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

மனைவி துடைப்பத்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கூட்டவில்லை. உள்ளே போய் ஒரு காலி பெருங்காய டப்பாவை எடுத்துவந்து, தூளை அதில் அள்ளிப் போட்டாள்.

"இதுக்கு என்ன பாட்டு?"

சொன்னேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம மொட்டை மாடியிலயே வச்சுப் பாருங்களேன். மழை வந்தா நான் பொறுப்பில்ல."

"யார் வருவாங்க?"

"மாமி வருவாங்க. முதல்ல ஏணியைப் பிடிங்க. மீதிப் பத்துல எது எது உதிர்ந்திருக்குன்னு பார்க்கணும்."